காது மடலில் மாட்டு

பெயர் பான் யுன்னியாங். வயது நாற்பத்தாறு.
தூலியூ ஆற்றுக்கு அக்கரை, பாலம் தாண்டி ஒன்பதாவது வீடு.
எழுதிக்கொண்டாயா?
சரி, இப்போது என் விரலை விடு.
உன் சின்னக் கருவி அதைக் கடித்துக்கொண்டு
எழுபத்தொன்று எழுபத்தொன்று என்று கதறுகிறது.
ஓடாதே நர்ஸ். ஆக்ஸிஜன் உருளையை உருட்டாதே.
மூச்சு முட்டி ஏறிய நீலம் இல்லை இது.
சாயம்.
நகத்தின் அடிவரை இறங்கிய பதினெட்டு வருடச் சாயம்.
காது மடலில் மாட்டிப் பார்.

காய்ச்சல் மட்டும் நிஜம்.
மூன்று நாளாக எச்சில் முள்ளாய் இறங்குகிறது.

அந்தச் செடி
உங்கள் ஆஸ்பத்திரிப் பின்சுவர் ஈரத்திலும் நிற்கிறது.
வெறும் பச்சை. மாடு முகர்ந்துவிட்டு நகரும்.
இலையைக் கசக்கிப் பையில் போட்டு மறந்துவிடு,
பொழுது சாய்வதற்குள் பை உன்னைக் காட்டிக்கொடுக்கும்.
இலை துணிக்கு, வேர் தொண்டைக்கு.
குளிருக்கு முன் இலை அறுப்போம்,
தண்டை ஒடித்து ஈர மணலில் செருகுவோம்.
வேருக்கு அவசரம் கிடையாது.
யாருக்காவது உடம்பு கொதித்தால் ஒன்றோ இரண்டோ.

பிறகு வந்தது அந்தக் காய்ச்சல் வருடம்.
ஒரு கூடை வேருக்கு ஒரு பன்றிக்குட்டி விலை.
பாலம் தாங்காதென்று லாரி இக்கரையிலேயே நின்றது.
என் கொழுந்தன் க்வாங்மாவ் மண்வெட்டி எடுத்தான்.
நாலே நாளில் சரிவு முழுக்கக் குழி.
நான் திட்டியதை இங்கே சொல்ல முடியாது.
அந்தப் பணத்தில்தான் மகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டினான்,
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவன் வெட்டி எறிந்த தண்டுகளை
டார்ச் வெளிச்சத்தில் பொறுக்கினேன்.
இருநூற்றுப் பத்து.
ஆற்றோர மணலில் நட்டுப் பிழைத்தவை
அறுபதுக்குக் கொஞ்சம் மேல்.

மறு வருடம் அதே மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி.
என் வாசலில் அவளை விட்டுவிட்டு
அவன் தெருவிலேயே நின்றான்.
பொன்னுக்கு வீங்கிய கன்னத்தில்
நீலத்தைக் குழைத்துப் பூசி அனுப்பினேன்.
ஒரு வாரம் பள்ளியில் அவள் பெயர் அரைநிலா.

முந்தாநாள் விடியலில் நானே ஒன்றைத் தோண்டினேன்.
நோஞ்சானாகப் பார்த்துத் தேடினேன் முதலில்.
நோஞ்சானுக்கு ஏது வேர்?
இருந்ததிலேயே நல்ல செடியைச் சாய்த்தேன்.
நிமிர்ந்தால் வேலியோரம் க்வாங்மாவ்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
மண்வெட்டியை வாங்கிக் குழியை மூடினான்,
காலால் மிதித்துச் சமன் செய்தான்,
போய்விட்டான்.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

கஷாயம் கசந்தது, காய்ச்சல் இறங்கவில்லை.
அதனால்தான் வந்தேன்.
உன் ஊசியையும் போடு, அதோடு எனக்குப் பகை இல்லை.

ஒரே ஒரு உதவி.
என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்:
சாயத்தொட்டிக்குத் தினம் ஒரு கிண்ணம் அரிசிச் சாராயம்.
இல்லையென்றால் அது சுருண்டுவிடும்,
நுரை வெளுக்கும், நாறும்,
எழுப்ப எட்டு நாள் ஆகும்.
ஒன்று என்று சொல்லாதே.
இரண்டு கிண்ணம் என்று சொல்,
ஒன்றாவது தொட்டிக்குப் போய்ச் சேரும்.
பிறகு கையளவு சாம்பல்நீர்.
கலக்கும்போது யாரையும் ஏசக் கூடாது,
தொட்டிக்கும் காது உண்டு.

என்ன, தொண்ணூற்றாறா?
சொன்னேனே.

அடடா, தலையணை உறை.
வெளுக்கப் பார்க்காதே, வீண் வேலை.
நான் போகும்போது என்னோடு கொடுத்தனுப்பு,
மீதியையும் முக்கித் தருகிறேன்.